மடையைத் திறக்கலாமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, குறுவைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த ஆனி மாதத்தில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. அன்றைக்கு நான் செய்த காரியத்தை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. "எழுதட்டுமா?" என்று என் மனைவியிடம் கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க. உங்க பேரையும் போடாதீங்க, பாவம்" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் வராது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு ஏக்கர் சொந்தம், ஒன்றேகால் ஏக்கர் குத்தகை. படிப்பு பத்தாவது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஊரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்கொரு நினைப்பு. வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்தே, கடைசி வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதே தோரணைதான். எதை எப்போது செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன், அது நடக்கும். இருபது வருடம் அப்படியே நடந்துவிட்டதால், குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நடவு ஆள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வயலில் இறங்கி நாற்று நட்டவள். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் ஒரு செட்டாகப் போவார்கள். அவள் ஓரத்தில் நின்று பிடிக்கிற வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். அந்த வேலைக்கு ஐந்தாறு வருடங்களாக ஆபத்து வந்திருந்தது. வெளியூரிலிருந்து லாரியில் நடவு மெஷின் வர ஆரம்பித்தது, கூடவே நாலு ஆண்கள். இருபது பெண்கள் ஒரு நாள் முழுக்க நடுகிற வயலை அந்த நாலு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விடுவார்கள். எங்கள் பெண்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒரு குறுவை முழுக்க என் மனைவிக்கு எட்டே நாள்தான் வேலை கிடைத்தது.

அந்த வருடம்தான் மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் ஒரு பேச்சைப் போட்டாள். "மெஷின் வர்றதை நம்மால நிறுத்த முடியாது. அந்த மெஷின் நம்ம கையில இருந்தா என்ன?" குழுவின் தலைவி எங்கள் தெருதான். ஊர் முறையில் எனக்குத் தங்கை. அவளும் பிடித்துக்கொண்டாள். விவசாய ஆபீசுக்கு நடையாய் நடந்து, மானியம் போக மீதிக்குக் கடன் போட்டு, பத்துப் பேரும் சேர்ந்து ஒரு நடவு மெஷின் வாங்கிவிட்டார்கள். பின்னாலேயே நடந்து, கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற மெஷின். அதை ஓட்டுகிற பொறுப்பு என் மனைவிக்கு.

நான் சிரித்தேன். "சைக்கிளே ஓட்டத் தெரியாது, மெஷின் ஓட்டப் போறியா?" என்றேன். அவள் இதில் துணிந்து இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். தஞ்சாவூரில் நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்று நான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது அவளுக்கும் தெரியும். அவள் அழுதுகொண்டே படுத்திருந்தபோது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷமே நீ சேருற. நான் மெஷின் ஓட்டிச் சேர்த்துவிடுறேன்" என்றாள். நான் வாசலில் இருந்தேன். காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

குழுவுக்கு முதல் வேலையும் கிடைத்தது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு ஆறு ஏக்கர். நாற்றும் குழுவே விட்டு, நடவும் குழுவே நட்டுத் தர வேண்டும் என்று பேச்சு. "சொன்ன நாள்ல நடலேன்னா வெளி மெஷினைக் கூப்பிட்டுக்குவேன்" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். இந்த நடவு நன்றாக அமைந்தால்தான் மற்றவர்கள் குழுவை நம்பிக் கூப்பிடுவார்கள். மகளின் படிப்பும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த மெஷினுக்கு நம் வழக்கமான நாற்று ஒத்துவராது. பாய் நாற்றங்கால் என்று ஒன்று போட வேண்டும். மட்டம் செய்த தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, சலித்த மண்ணையும் மக்கின எருவையும் கலந்து அதன் மேல் ஒரு அங்குலத்துக்குப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவ வேண்டும். பதினைந்து, பதினாறு நாளில் வேரெல்லாம் பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். சுருட்டி எடுத்து மெஷினில் வைக்கலாம். முதல் ஐந்து நாளைக்குப் பூவாளியால்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதையெல்லாம் அவள் எனக்கு விளக்கினாள். முப்பது வருடமாக நாற்று விடுகிற எனக்கு இவள் பாடம் எடுக்கிறாளே என்று அரைக் காதில்தான் கேட்டேன்.

நாற்றங்காலை எங்கே போடுவது என்று குழுவில் பேச்சு வந்தபோது, வாய்க்கால் ஓரமாக இருக்கும் எங்கள் நிலத்திலேயே போடலாம் என்று அவள்தான் சொன்னாள். பக்கத்திலேயே பம்புசெட் இருக்கிறது, காவலுக்கு நானும் இருக்கிறேன் என்பது அவள் கணக்கு. இரண்டு பேர் வேறு இடம் சொன்னார்கள். இவள் பொறுப்பு ஏற்றுக்கொண்டதால் விட்டுவிட்டார்கள்.

விதை தூவிய மூன்றாம் நாள், மெஷின் ஓட்டிப் பழக ஒரு நாள் பயிற்சிக்குப் பெண்கள் எல்லோரும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். பூவாளியை என் கையில் கொடுத்து, "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெளிங்க. மடையை மட்டும் திறந்துடாதீங்க" என்றாள். "சரி, சரி" என்றேன். தெருமுனை வரை போனவள் திரும்பிப் பார்த்து, "மடையைத் திறந்துடாதீங்க" என்று மறுபடியும் சொன்னாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

காலையில் ஒழுங்காகத்தான் தெளித்தேன். பத்து மணி வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

கல்லணை திறந்து எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வரும் நாள் எங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு அது வரும்போது ஊரே கரைக்கு வந்துவிடும். கிழவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பூ போடுவார்கள், நெல் தூவுவார்கள். எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் தண்ணீர் முதலில் நாற்றங்காலில்தான் ஏற வேண்டும். அப்பா அப்படித்தான் செய்தார், நானும் ஒரு வருடம் தவறியதில்லை. அப்படி ஏறினால் அந்த வருட விளைச்சல் சோடை போகாது என்று ஒரு நம்பிக்கை.

கரையில் நின்றேன். இந்தப் பக்கம் புதுத் தண்ணீர். அந்தப் பக்கம் வைக்கோலைப் போர்த்திக்கொண்டு பெண்களின் நாற்றங்கால். அவள் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பூவாளியால் தெளிப்பது நாற்றா, துளசிச் செடியா என்று தோன்றியது. கொஞ்சம் தண்ணீர் ஏறினால் என்ன குடியா முழுகிவிடும், அவளுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்றும் தோன்றியது. மண்வெட்டியால் இரண்டு வெட்டு. வெட்டிய மண்கட்டிகளை வழக்கம்போல் கரை மேல் ஒழுங்காக எடுத்து வைத்தேன். தண்ணீர் உள்ளே பாய்வதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். "இந்த வருஷம் ஊர்லயே முதல் தண்ணி என் வீட்டு நாத்தங்காலுக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே டீ குடித்தேன்.

திரும்பி வந்து பார்த்தேன்.

பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் தண்ணீர் புகுந்து தாளையே தூக்கிவிட்டிருந்தது. மேலே இருந்த ஒரு அங்குல மண் முழுக்கச் சரிந்து ஒரு மூலையில் சேறாகக் குவிந்திருந்தது. வைக்கோல் மிதந்தது. வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட விதைகள் கரையோரமாக ஒதுங்கியிருந்தன. ஓடிப்போய் மடையை அடைத்தேன். வீட்டிலிருந்து முறத்தை எடுத்து வந்து விதைகளை வாரினேன். கையில் வந்தது பாதி சேறு, பாதி முளை ஒடிந்த நெல். ஒரு மணி நேரம் வாரியபிறகுதான் அது வீண் வேலை என்று புரிந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடக் கூடப் போகவில்லை.

நாலு மணி பஸ்ஸில் பெண்கள் வந்தார்கள். நேராக நாற்றங்காலுக்குத்தான் வந்தார்கள். என் மனைவி எல்லோருக்கும் முன்னால் வந்தாள். சேலையில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அவளை அப்படிச் சிரித்த முகத்தோடு நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. தூரத்திலிருந்தே, "ஓட்டிட்டேங்க! நேரா ஓட்டிட்டேன், ஒரு வரிசைகூடக் கோணல" என்றாள். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தாள்.

தலைவி பதறிப்போய், "என்னண்ணே இது?" என்றாள்.

என் வாயில் வந்தது இதுதான்: "புதுத் தண்ணி வேகமா வந்துச்சும்மா. கரை உடைஞ்சிருச்சு."

நான் ஒன்றும் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. ஆனால் ஒன்பது பெண்கள் நிற்கிறார்கள், காலையில் சிரித்த அதே பெண்கள். உண்மையைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

என் மனைவி உட்கார்ந்து ஒரு முளையைச் சேற்றிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி வாய்க்கால் கரையைப் பார்த்தாள். மடை இருந்த இடம் புதுச்சேறு பூசியிருந்தது. பக்கத்தில் நான் ஒழுங்காக வெட்டி வைத்த மண்கட்டிகளில் இரண்டு மிச்சம் இருந்தன. உடைந்த கரையில் மண்வெட்டித் தடம் இருக்காது. இருபது வருடம் வயலில் கிடந்தவளுக்கு அது தெரியாதா? என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அந்த இடத்துல கரை கொஞ்சம் மெலிசாத்தான் இருந்துச்சு. நான்தான் பார்த்துக் கட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்பு" என்றாள்.

வேறு இடம் சொன்ன இரண்டு பேரில் ஒருத்தி, "அப்பவே சொன்னேன்ல?" என்றாள். இன்னொருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். விதை வாங்கியது, மண் சலித்தது, எரு சுமந்தது எல்லாம் போயிற்று. வாத்தியார் வேறு மெஷினைக் கூப்பிட்டுவிடுவார். தலைவிக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "காலையில கூட்டத்தைப் போடுவோம். அண்ணி, கோவிச்சுக்காதீங்க. பொறுப்பை வேற யாருகிட்டயாவது கொடுக்கணும்னு சொல்லுவாங்க" என்றாள். "சொன்னா சரிதானே" என்றாள் என் மனைவி. காலையில் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டவளுக்கு மாலையில் அது கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் அவள் குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தட்டு வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அதற்கும் வழியில்லை. கடைசியில் நானே கேட்டேன். "ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

"நீங்கதான் கரை உடைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டீங்களே. அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "இருபது வருஷமா உங்க வயல்ல நட்டிருக்கேன். நீங்க எங்கே நடச் சொன்னீங்களோ அங்கே நட்டேன். என்ன இடைவெளி சொன்னீங்களோ அந்த இடைவெளியில நட்டேன். எனக்கு வேற மாதிரி தோணினப்பகூட ஒரு நாளும் மாத்தி நட்டதில்லை. என் வாயால இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை உங்களுக்குச் சொல்லிட்டுப் போனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்று போனதைவிட இது பெரிதாக வலித்தது. என் ஒரு வார்த்தையை நம்பி இருபது வருடம் நடந்தவளுடைய ஒரு வார்த்தைக்கு நான் அரை நாள்கூட மதிப்புக் கொடுக்கவில்லை. இதைவிட வேறென்ன கேவலம் வேண்டும்?

காலையில் சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஆண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. நான் போய் வாசற்படியில் நின்றேன். பேச்சு நின்றது. "கரை உடையலை. நான்தான் மடையை வெட்டி விட்டேன். திறக்காதேன்னு என் சம்சாரம் ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் போச்சு. முதல் தண்ணி நாத்தங்கால்ல ஏறணும்னு ஒரு இது... என் தப்புதான். அதுமேல எந்தக் குத்தமும் இல்லை. எடத்து மேலயும் இல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவிலேயே வாய்த்துடுக்கான அம்மாள் ஒருத்தி உண்டு, என்னைவிட வயதில் மூத்தவர். அவர்தான் ஆரம்பித்தார். "ஏன் தம்பி, நேத்து சாயங்காலம் முழுக்க உன் பொண்டாட்டியை நாங்க திட்டினோமே, அந்தத் திட்டையெல்லாம் இப்ப யார் வாங்கிக்கிறது?"

"எனக்கே கொடுங்கக்கா" என்றேன்.

கொடுத்தார்கள். நன்றாகவே கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது. தலைவி, "குழுவுல தப்புப் பண்ணினா அபராதம் உண்டுண்ணே" என்றாள். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வயலுக்கு நாற்று விடுவதற்காக நானும் விதையை ஊறப்போட்டு, முளைவிடுவதற்காக மூட்டம் போட்டு வைத்திருந்தேன். அதே ரகம். அன்றைக்குச் சாக்கில் முளைகட்டியிருந்தது. "என் விதையை எடுத்துக்குங்க. இன்னிக்கே தூவிடலாம்" என்றேன். இனி விதை வாங்கி ஊறவைத்தால் ஐந்தாறு நாள் தள்ளிப்போகும். இப்போது மூன்று நாள்தான் நஷ்டம்.

"அப்ப உங்க வயலுக்கு?" என்று கேட்டது என் மனைவி. நேற்றிலிருந்து அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மிஞ்சினா பார்ப்போம்" என்றேன்.

அன்று முழுக்க எனக்கு மண் சலிக்கிற அபராதம். பத்துப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன் சல்லடையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க டீக்கடையே எழுந்து வந்தது. "என்னப்பா, உன்னையும் குழுவுல சேர்த்துட்டாங்களா? யூனிபாரம் சேலை எப்பக் கொடுப்பாங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஆடித் தள்ளுபடியில எடுத்துத் தர்றதாச் சொல்லியிருக்காங்க" என்றேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து வண்டி மண் சலித்திருப்பேன்.

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மூன்று நாள் அவகாசம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முழுக்க மனம் இறங்கினார் என்று சொல்ல முடியாது. "பள்ள வயல்ல நாள் தள்ளினா அறுப்பு மழையில மாட்டிக்கும். அந்த மூணு ஏக்கரை வெளி மெஷினுக்கே விட்டுடறேன். மேட்டு வயல் மூணு ஏக்கர் உங்க ஆளுங்க நடட்டும்" என்றார். பாதி போயிற்று, பாதி மிஞ்சியது. நான் எழுந்தபோது, "பேசினது உங்க வீட்டம்மா, நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். "தப்பு என்னோடது சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த ஐந்து நாளும் பூவாளியும் கையுமாகத்தான் இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போயிற்று, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் அவள் வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப லேசாத் திறந்து விடுங்க" என்றாள். ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு, போதுமா என்று அவளைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் நாற்றுப் பாயைச் சுருட்டிச் சுருட்டி வண்டியில் ஏற்றினோம். வாத்தியார் வயலில் எனக்குத் தண்ணீர் வேலை. "இன்னும் வடிக்கணும். சேத்து மேல பூசின மாதிரி இருந்தாப் போதும்" என்று அவள் சொன்னாள், வடித்தேன். மெஷினைக் கிளப்பிக் கைப்பிடியைப் பிடித்தாள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெஷின் நகர்ந்தது, பின்னாலேயே நாலு வரிசைப் பச்சை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கைநடவில் பெண்கள் குனிந்தபடியே பின்னால் பின்னால் நகர்வார்கள். இத்தனை வருடமும் நான் அவளை வயலில் பார்த்தது அப்படித்தான், குனிந்த முதுகாக. அன்றைக்கு அவள் நிமிர்ந்து, முன்னால் பார்த்து நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு உயரம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. வேர்வையைத் துடைக்கிற மாதிரி துண்டால் துடைத்துக்கொண்டேன்.

மிஞ்சிய நாற்றில் கடைசியாக எங்கள் வயலும் நடப்பட்டது. என் வயலில் கைநடவுதான், மெஷின் கால் வைக்கக் கூடாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இந்த முறை என்ன இடைவெளி வேண்டும் என்று அவளைக் கேட்டேன். சொன்னாள். பயிர் பக்கமெல்லாம் கிளைத்து நன்றாகத் தூர் கட்டியது. விளைச்சலும் குறை சொல்கிற மாதிரி இல்லை. இத்தனைக்கும் முதல் தண்ணீர் ஏறாத நாற்றங்காலில் வளர்ந்த நாற்று அது.

வாத்தியாரின் மேட்டு வயலைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். ஆடி முடிவதற்குள் குழுவுக்கு மூச்சுவிட நேரமில்லை. மெஷினால் வேலை போயிற்று என்று உட்கார்ந்திருந்த அதே பெண்கள்தான். தலைவி அந்த வருடம் தன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தாள். வாய்த்துடுக்கு அம்மாள், மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்றினார். எங்கள் வீட்டில் வந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது? முன்பெல்லாம் நான் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் அவள் உட்காருவாள். இப்போது வயலிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக வருகிறோம், ஒன்றாக உட்காருகிறோம். யார் வயலில் என்ன ரகம், யாருக்கு எப்போது நடவு என்று பேச்சு ஓடுகிறது. முன்பு எங்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது என்பது பேச ஆரம்பித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

மகளை அந்த வருடமே தஞ்சாவூரில் சேர்த்தோம். கல்லூரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அவள் விண்ணப்பத்தை நிரப்பினாள். அப்பா தொழில், விவசாயம். அம்மா தொழில் என்ற இடத்தில் வழக்கம்போல 'இல்லத்' என்று ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவத்திலும் இல்லத்தரசி என்று எழுதியவன் நான்தான். வருடா வருடம் நடவுக்குப் போய் வந்தவளை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"அதை அடிச்சுட்டு எழுதும்மா" என்றேன்.

"என்னன்னுப்பா?"

"நடவு இயந்திர ஓட்டுநர்."

"அந்தக் கட்டத்துல எடம் பத்தாதுப்பா" என்றாள். "பொடி எழுத்தா எழுது" என்றேன். என் மனைவி ஒன்றும் கேட்காதவள்போல மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வழி முழுக்க நட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் ஊர் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையை ஒரு முறை பிடித்து அழுத்திவிட்டு விட்டாள். அவ்வளவு பேர் இருக்கிற பஸ்ஸில் அப்படிச் செய்கிறவளே அல்ல அவள்.

மகள் இப்போது கடைசி வருடத்தை நெருங்குகிறாள். இந்த ஆனியிலும் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தது. ஊரார் பூ போட்டார்கள், நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கரைக்கு இந்தப் பக்கம் குழுவின் நாற்றங்கால். என் மனைவி பூதலூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் வயலில் நடவில் இருந்தாள். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போன் போட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

"தண்ணி வந்துருச்சு. மடையைத் திறக்கலாமா?"

"நாத்துக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு."

"அப்ப?"

"சரி, திறக்கலை" என்றேன். போனை வைப்பதற்குள் அவள் சிரிப்பது கேட்டது. அன்று இரண்டே வெட்டில் நான் அழித்தது ஒரு நாற்றங்காலை மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றும் மண்வெட்டியைத் தொடும்போதெல்லாம், இருபது வருடம் நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை முதலில் அவளிடம் கேட்டுவிடுகிறேன்.